நெல் முடிவா, தென்னை முடிவா?

கேள்வி: மதிப்பிற்குரிய மேடம், எனக்கு 30 வயது. சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். 2017-ல் பி.இ. முடித்துவிட்டு சென்னையில் இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அன்றிலிருந்து டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்குப் படிக்கிறேன். இரண்டு தடவை முதல்நிலைத் தேர்வில் தேறினேன், இரண்டு தடவையும் முதன்மைத் தேர்வில் போய்விட்டது. இப்போது கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 19,000 ரூபாய் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் ஐந்து வருடப் படிப்பு வீண். போகாமல் இருந்து அடுத்த தேர்விலும் போய்விட்டால் என் கதி என்ன? தாளின் நடுவில் கோடு போட்டு நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பதினொன்று. அத்தை, கோயிலில் பூ கட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். அம்மா பீடி சுற்றுகிறார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அப்பா விவசாயம், 93 சென்ட் வயல், தாத்தா வழியில் வந்தது. டவுனில் ஒருவர் ஒன்பது லட்சம் கொடுத்தால் அரசு வேலைக்கு ஆர்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பதால், ஆடி கழிந்ததும் வயலுக்கு அட்வான்ஸ் வாங்க இருக்கிறார். ராத்திரி இரண்டு மணி வரை எனக்குத் தூக்கம் இல்லை. சிப்காட் வேலைக்குப் போகவா, வேண்டாமா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள தம்பி,

ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்கள். போங்கள்.

இதோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதிய விஷயம் எனக்குச் சின்னதாகப் பட்டது (இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்). ஒன்றரை வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயம் பெரிதாகப் பட்டது. சிப்காட்டுக்குப் போகவா என்று கேட்கிறீர்கள். வயலை விற்கலாமா என்று கேட்கவே இல்லை. அது ஏதோ அப்பா பார்த்துக்கொள்ளும் சோலி போல, தூக்கம் வராத வரிக்கு முந்தின வரியில் வந்து போகிறது. பாளையங்கோட்டையில் 24 வருடமாக, ஆலோசனை சொல்லும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்க வந்த கேள்வி ஒன்றாகவும் கேட்க வேண்டிய கேள்வி வேறாகவும் இருப்பது வழக்கம்தான். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, எழுந்து செருப்பை மாட்டும்போது "அப்புறம் மேடம், இன்னொண்ணு..." என்று அது வெளியே வரும்.

என் அப்பா செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம் 80 சென்ட் நஞ்சை இருந்தது. உங்கள் பக்கம் மாதிரியே கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கார், பிசானம் என்று வருடத்துக்கு இரண்டு பூவும் (போகமும்) விளையும். அம்பை பதினாறு வந்த புதிது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1986-ல் வெளியிட்ட ரகம் அது, உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்வார். அந்த வருடம் காருக்கு அதைப் போடுவதா, பழகின ரகத்தையே போடுவதா என்று அப்பா பதினைந்து நாள் யோசித்தார். அம்பைக்கு பஸ் ஏறிப் போய் விசாரித்தார். போட்டவர்கள் வீட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டே பார்த்தார். கடைசியில் பாதி வயலில் அது, பாதி வயலில் இது.

அதே அப்பா இரண்டு வருடம் கழித்து, பக்கத்து வயல்காரர் தென்னை வைக்கிறார் என்று, ஒரு டீக்கடைப் பேச்சில் முடிவெடுத்து 80 சென்ட்டிலும் ஐம்பது கன்று வைத்துவிட்டார். நெட்டை ரகம், காய்க்க ஆறேழு வருடம் ஆகும். மூன்றாம் வருடமே, வீட்டுச் சாப்பாட்டுக்கு அரிசியைக் கடையில் வாங்குகிறோமே என்று அவருக்கு மனசு மாறிவிட்டது. மாறி என்ன செய்ய? குழி எடுத்தாகிவிட்டது, வரப்பை வெட்டி மேடாக்கியாகிவிட்டது, வேர் ஓடிவிட்டது. கடைசிவரை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மரத்தை அண்ணாந்து பார்க்க மாட்டார். கீழே பார்த்தே நடப்பார்.

நெல் தப்பினால் நாலு மாதம். கார் போனால் பிசானம் இருக்கிறது. தென்னை தப்பினால் பாதி ஆயுசு. பதினைந்து நாள் யோசிக்க வேண்டியதை ஒரு டீயில் முடித்தார், ஒரு டீயில் முடித்திருக்கக் கூடியதற்குப் பதினைந்து நாள் அலைந்தார். அப்பாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, நாம் எல்லோரும் அப்படித்தான். கைக்கு அடங்குகிற விஷயத்தைத் திருப்பித் திருப்பி நோண்டிக்கொண்டிருப்போம். பெரிய விஷயம் நெஞ்சில் பாரமாக உட்காரும். பாரத்தை இறக்கினால் போதும் என்று அதைச் சட்டென்று முடித்துவிடுவோம். என்னிடம் யாராவது வந்து முச்சந்தியில் நிற்கிறேன் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது நெல்லா, தென்னையா? போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர முடியுமா, முடியாதா? வர முடியும் என்றால் சீக்கிரம் முடிவெடுங்கள், தப்பினாலும் பெரிய சேதம் இல்லை. முடியாது என்றால் உங்களை அவசரப்படுத்துகிறவர் யார் என்று முதலில் பாருங்கள்.

உங்கள் வீட்டில் சிப்காட் வேலை நெல். வயலை விற்பது தென்னையையும் தாண்டியது. தென்னையையாவது வெட்டலாம்.

முதலில் நெல்லை முடித்துவிடுவோம். வேலைக்குப் போங்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம், அது உங்களுக்கு எந்தக் கதவையும் அடைக்கவில்லை. வீட்டிலிருந்தே போய்வரலாம். பிடிக்காவிட்டால் நிற்கலாம். தேர்வு அறிவிப்பு வந்தால் எழுதலாம். அதற்கு முன் கம்பெனியில் சில விஷயங்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கம்பெனி ரோலா, காண்ட்ராக்ட் மூலமா? பி.எஃப். பிடிப்பார்களா? 19,000 என்றால் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000-க்குள் வருகிறது. அட்டை கிடைத்தால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும், வருமான நிபந்தனைக்கு உட்பட்டு, வைத்தியம் கிடைக்கும். பீடித் தூளிலேயே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ராத்திரி ஷிப்ட் வந்தால் வண்டி விடுவார்களா? திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சேரன்மகாதேவிக்கு நடு ராத்திரியில் எதில் வருவீர்கள்?

ஒன்று மட்டும் கவனம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ, இரண்டு வருடம் நிற்பேன் என்று பாண்டு எழுதிக் கேட்டாலோ, நான் சொன்ன 'போங்கள்' என்ற வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அப்போது நெல் வயலில் தென்னங்கன்றை ஊன்றுகிறார்கள் என்று அர்த்தம்.

ஐந்து வருடப் படிப்பு வீணாகிவிடும் என்கிறீர்கள். இந்த 'வீண்' என்ற வார்த்தைதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் உளவியல் துறையில் இதைப் பற்றி ஒரு பிரபலமான ஆய்வு உண்டு, 1985-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை 15 டாலர். சிலருக்கு 2 டாலர், சிலருக்கு 7 டாலர் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குருட்டாம்போக்கு. நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகத்துக்கு வந்தார்கள். துட்டு போட்டிருக்கிறோமே, விடலாமா என்கிற எண்ணம் அவர்களை இருக்கையில் கொண்டுவந்து உட்கார வைத்தது. எட்டு டாலர் கொடுத்தவருக்கு அந்த உறுத்தல் இல்லை.

இதை உங்கள் அப்பாவிடம் சொன்னால், இதற்கு ஒரு ஆய்வு வேண்டுமா என்று சிரிப்பார். கால்வாயில் தண்ணீர் வராமல் கருகின பயிருக்கு, ஏற்கெனவே இரண்டு மூட்டை யூரியா போட்டுவிட்டோமே என்று மூன்றாவது மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற விவசாயி யாரும் இல்லை. அந்த இரண்டு மூட்டை போனது போனதுதான். இனிமேல் தண்ணீர் வருமா, பயிர் பிழைக்குமா என்றுதான் பார்ப்பார். நீங்கள் சிப்காட்டுக்குப் போனாலும் அந்த ஐந்து வருடம் போனதுதான், போகாவிட்டாலும் போனதுதான். அதைத் தாளின் எந்தப் பக்கத்திலும் எழுதக் கூடாது. உங்கள் பதினொன்றில் அது எத்தனை வேஷத்தில் வந்திருக்கிறது என்று பாருங்கள். 'இவ்வளவு நாள் படித்தது', 'புத்தகத்துக்குச் செலவழித்தது', 'ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது'... மூன்றும் ஒரே ஆள்.

இன்னொரு கேள்வி, கொஞ்சம் கடுமையாக இருக்கும். இரண்டு தடவை முதல்நிலை தேறியிருக்கிறீர்கள், அதற்கு வேண்டிய படிப்பு உங்களிடம் இருக்கிறது. போனது முதன்மைத் தேர்வில், அதாவது விரிவாக எழுதுகிற தாளில். ஐந்து வருடம் வேறு வேலை இல்லாமல், முழு நாளும் கையில் வைத்துக்கொண்டு படித்தும் அந்தத் தாள் கைகூடவில்லை என்றால், ஆறாவது முழு வருடம் மட்டும் அதைக் கொடுத்துவிடுமா? தேர்வு போனதற்குக் காரணம் நேரக் குறைவு இல்லை என்றே நினைக்கிறேன். எழுதின விடையை யாரிடமாவது திருத்தக் கொடுத்தீர்களா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகப் பயிற்சியும் மாதிரித் தேர்வும் உண்டு, போயிருக்கிறீர்களா? நூலகத்து மேஜையில் ஆறு மணி நேரம் வாசிப்பதைவிட, ஷிப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு விடை எழுதுவது மேல். ஷிப்ட் வேலையில் இருந்துகொண்டு படிப்பது சுகமான காரியம் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு மாதம் புத்தகத்தைத் திறக்கவே முடியாது. உடம்பு பழக வேண்டும். மூன்றாம் மாதத்திலிருந்து பாருங்கள். வயது வரம்பு பதவிக்குப் பதவி, பிரிவுக்குப் பிரிவு மாறும். ஆள் சொன்னார் என்று பயப்படாமல் அறிவிப்பை நீங்களே எடுத்து வாசித்து, உங்களுக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தாளில் கோடு போட்டதைப் பற்றி. நீங்கள் செய்தது பழைய வைத்தியம். 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளர், லீட்ஸ் நகரில் போதகராக இருந்தவர், ஒரு பிரபு வீட்டு வேலைக்குப் போகவா வேண்டாமா என்று அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினைக் கேட்டார். உங்கள் கேள்விதான். பிராங்க்ளின், என்ன செய்யலாம் என்று சொல்லவில்லை, எப்படி முடிவெடுப்பது என்று எழுதினார்: தாளின் நடுவில் கோடு, ஒரு பக்கம் ஆகும், ஒரு பக்கம் ஆகாது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கோட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் சொன்னதில் உயிரான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. மூன்று நாலு நாள் எடுத்துக்கொண்டு, நினைவுக்கு வர வர எழுத வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எடை பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் இரண்டும் சம எடை என்றால் மூன்றையும் அடித்துவிட வேண்டும். கடைசியில் மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கைக்கு அங்கே வேலையே இல்லை. நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள், நிறுக்கவில்லை. 'காலையில் சீக்கிரம் எழ வேண்டும்' என்பதும் 'அம்மா பீடிக் கூடையை இறக்கி வைக்கலாம்' என்பதும் உங்கள் தாளில் ஆளுக்கு ஒன்று. (பிரீஸ்ட்லி கடைசியில் அந்த வேலைக்குப் போனார், அது வேறு கதை.)

அத்தை பூ கட்டிப் பார்க்கச் சொன்னதை நீங்கள் கொஞ்சம் கேலியாக எழுதியிருந்தீர்கள். நான் கேலி செய்ய மாட்டேன். எங்கள் வீட்டிலும் செம்பூவும் வெண்பூவும் பொட்டலம் கட்டிச் சந்நிதியில் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லித்தான் என் சித்தி மகள் கல்யாணம் முடிவானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லெவிட் என்ற பொருளியல் பேராசிரியர் கிட்டத்தட்ட இதையே பெரிய அளவில் செய்தார். வேலையை விடவா, உறவை முறிக்கவா என்று தடுமாறுகிறவர்களை இணையத்தில் வரவழைத்துப் பூவா தலையா போட்டுவிட்டார். தலை விழுந்தால் மாறு, பூ விழுந்தால் இருக்கிறபடியே இரு. 20,000 தடவைக்கு மேல் நாணயம் சுண்டப்பட்டது. எல்லோரும் கேட்கவில்லை, ஆனால் பலர் நாணயம் சொன்னபடி செய்தார்கள். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, பெரிய விஷயங்களில் மாற்றத்தின் பக்கம் போனவர்கள் இருந்தபடியே இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். இது 2020-ல் வெளியான ஆய்வு. தாமாகத் தேடி வந்தவர்களை மட்டும் கேட்டது, அவர்கள் வாயால் சொன்னதை வைத்து எழுதியது. ஆகவே வேதவாக்கு இல்லை. ஆனால் எனக்கு இதில் ஒன்று பிடிபடுகிறது. தராசு நடுவில் நிற்கிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்தின் பக்கம் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார்கள். பதினொன்றுக்குப் பதினொன்று என்று வந்தால் அது சமம் இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். பயத்துக்குக் கொடுத்த மார்க்கைக் கழித்தால் மாற்றத்தின் பக்கம் கூடுதலாகத்தான் இருக்கும்.

சிப்காட்டுக்குப் பூ கட்டிப் பாருங்கள், தப்பில்லை, அத்தைக்கும் ஒரு திருப்தி. வயலுக்குக் கட்டிவிடாதீர்கள்.

சரி, வயலுக்கு வருவோம்.

டவுனில் ஒருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் இல்லை, துறை இல்லை, என்ன பதவி என்று இல்லை. அவர் உங்களிடமும் இவ்வளவுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. மூலம் வருகிற வேலைக்கு மதிப்பெண், இடஒதுக்கீடு, கலந்தாய்வு இவற்றைத் தவிர வேறு வழி கிடையாது. இடைத்தரகர்களை நம்பாதீர்கள் என்று ஆணையமே தன் அறிவிப்புகளில் எச்சரிக்கிறது, நீங்கள் ஐந்து வருடமாக அந்த அறிவிப்புகளை வாசிக்கிறவர். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2020 ஜனவரியில் 99 பேரை வாழ்நாள் முழுக்கத் தேர்வு எழுதக் கூடாது என்று ஆணையம் தடை செய்தது. அந்த 99 வீடுகளிலும் ஒரு அப்பா இருந்திருப்பார். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் வாங்குகிறவரோடு கொடுக்கிறவரும் குற்றவாளிதான்.

ஆக இதில் இரண்டே வழி. அந்த ஆள் பொய்யர் என்றால் வயல் போகும். மெய்யர் என்றால் வயலும் போகும், தேர்வும் போகும், நீங்களும் போவீர்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பி வர முடியாத ஒரே முடிவு உங்கள் வீட்டில் இதுதான். இதைத்தான் 'அப்பா பார்த்துக்கொள்வார்' என்று விட்டிருக்கிறீர்கள். என் அறைக்கு ஒருமுறை ஒரு பெரியவர் வந்தார். மகனை அழைத்து வந்திருந்தார், மகன் பேசவில்லை. பெரியவர் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். முத்திரை, கையெழுத்து, கோப்பு எண் எல்லாம் இருந்த நியமன ஆணை. அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இப்படி ஒரு இடமே இங்கு இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது? நீங்கள் இத்தனை நாள் பேசாமல் இருப்பதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. வயலை விற்காதீர்கள் என்றால், 'எனக்கு வேலை கிடைக்காது' என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். அப்பாவுக்கும் ஒரு பயம் இருக்கும். ஐந்து வருடம் உங்களுடையது என்றால், முப்பது வருடம் அவருடையது. வரப்பில் நிற்கும்போதும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் "எம்மவன் பரிச்ச எழுதுதான், ஆபீசரா வந்துருவான்" என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டுவிட்டார். முழு விலை கொடுத்து சீசன் டிக்கெட் வாங்கினவர் உங்கள் வீட்டில் அவர்தான். "நெலம் இருந்து என்ன செய்ய, நீ நல்லாருந்தாப் போதும்" என்று அவர் சொல்வார். அதில் இருக்கிற பாசம் மெய். கணக்கு மட்டும்தான் தப்பு.

அவரோடு வாதாடாதீர்கள். ஆள் மோசடி, நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று ஆரம்பித்தால் அவர் கவசத்தை மாட்டிக்கொள்வார், தன் முடிவைக் காப்பாற்றுவதற்காகவே சீக்கிரம் கையெழுத்துப் போடுவார். அவகாசம் மட்டும் கேளுங்கள். "இந்த ஒரு பிசானம் மட்டும் வைப்போம்ப்பா" என்று கேளுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் நட்டு, மாசி, பங்குனியில் அறுக்கிற வரை. விவசாயியிடம் 'வேண்டாம்' என்பதைவிட 'ஒரு பூ கழியட்டும்' என்பது சீக்கிரம் ஏறும். விற்கப் போகிற வயலில்கூட நின்ற பயிரை அறுத்துவிட்டுத்தான் விற்பார்கள். அதற்குள் உங்களுக்குச் சிப்காட்டில் ஆறு மாதம் ஆகியிருக்கும், வீட்டில் சம்பளம் வந்திருக்கும், அவருக்கு இருக்கிற அவசரத்தில் பாதி அதிலேயே குறைந்துவிடும். டவுன் ஆளிடம் பங்குனியில் வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். 'அதுவரைக்கும் இடம் நிற்காது, இன்னொருத்தர் ரெடியா இருக்கார்' என்றுதான் சொல்வார். அந்த வார்த்தையை அப்பா தன் காதால் கேட்கட்டும். நீங்கள் விளக்க வேண்டிய அவசியம் இருக்காது.

ஏற்கெனவே அவரிடம் முன்பணம் ஏதாவது போயிருந்தால் என்னிடம் மறைத்த மாதிரி வக்கீலிடம் மறைக்காதீர்கள். கொடுத்த தேதி, போன் பேசினது, ஜி-பே ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, கொடுக்கிறவர் மேலும் சட்டம் பாயும் என்று சொன்னேனே, அதனால் முதலில் வக்கீலைப் பார்த்துவிட்டு, அவர் சொல்கிறபடி மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் போக வேண்டியதுதான்.

தூக்கத்தைப் பற்றி இரண்டு வரி. ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கிற முடிவு எதையும் காலைக் காபி வரை நம்பாதீர்கள். அந்த நேரத்தில் எல்லாமே தென்னையாகத்தான் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேலும் இப்படியே போனால் டாக்டரைப் பாருங்கள். இருந்தென்ன என்கிற மாதிரி எண்ணம் தலைகாட்டினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் பேசுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் அம்மா, அப்பா, அத்தை, டவுன் ஆள் எல்லோரும் ஏதோ ஒன்று சொல்கிறார்கள் அல்லது செய்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் 'கல்யாணம் ஆகிவிட்டது' என்று இரண்டே வார்த்தையில் வரி முடிந்துவிட்டது. வயல் தாத்தா வழியில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பூர்வீகச் சொத்து என்றால் கிரயத்துக்கு உங்கள் கையெழுத்தோடு அக்கா கையெழுத்தையும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது 1989-லேயே. கையெழுத்து இருக்கட்டும், ஒன்பது லட்சம் என்ற பேச்சு அவருக்குத் தெரியுமா? உங்கள் அப்பா உங்கள் பேச்சைக் கேட்காவிட்டாலும் மகள் பேச்சைக் கேட்பார் என்று எனக்கு ஒரு ஊகம். வெறும் ஊகம்தான், ஆனால் இந்தப் பக்கத்து அப்பாக்களை எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஆடி முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. சிப்காட்டுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், இன்று சாயங்காலம் அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள்.